நக்கல் வேறு, வயிறு குளிர்வது வேறு

கடலூர் மஞ்சக்குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நம்மோடு படித்தவர்களுக்கு இந்தப் பேச்செல்லாம் மறந்திருக்காது. ஐப்பசி மழையில் கெடிலம் பாலத்தருகே ஒருவன் சைக்கிளோடு சறுக்கி விழுகிறான். "ரோட்ட அளந்து முடிச்சிட்டியாடா?" என்றால் கிண்டல், விழுந்தவனும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவான். "ஐயாவுக்கு ரேஸ் ஓட்டணும்னு ஆசை வேற" என்பது நக்கல். புகழ்வது போல இறக்குகிறது. "உனக்கெல்லாம் எதுக்குடா சைக்கிளு?" என்பது ஏளனம்; விழுந்ததை விட்டுவிட்டு ஆளையே பிடிக்கிறது. இன்னொருவன் ஓரமாக நிற்பான். வாயே திறக்க மாட்டான், வயிறு குளிர்ந்திருக்கும்.

இவன் உள்ளுக்குள் அடையும் மகிழ்ச்சிக்குப் பெயர் என்ன? ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்கள் 'ஷாடன்ஃபிராய்டெ' என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஷாடன் என்றால் கேடு, ஃபிராய்டெ என்றால் மகிழ்ச்சி. தமிழாக்கும்போது பலர் இதை 'ஏளனம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு என்பதை வேற்றுமை உருபே காட்டிக்கொடுக்கும். அவனைக் கேலி செய்தான், அவனை ஏளனம் செய்தான் என்கிறோம். இவை செயல்கள், 'ஐ' உருபு ஏற்கும், கேட்க ஆள் வேண்டும். 'அவனை வயிறு குளிர்ந்தான்' என்று யாரும் சொல்வதில்லை. 'அவன் விழுந்ததில் இவனுக்கு வயிறு குளிர்ந்தது' என்கிறோம். இங்கே வருவது 'கு' உருபு, இது உள்ளே நடக்கும் உணர்ச்சி.

'பொறாமை'யும் பொருந்தாது. அடுத்தவன் உயர்ந்தால் வயிறு எரிவது பொறாமை. இது அவன் விழுந்தால் குளிர்வது. 'குரூரம்' என்றால் தள்ளிவிட்டவனுக்குத்தான் பொருந்தும், இவன் தள்ளவில்லை. "நல்லா வேணும்" ஓரளவு பொருந்தும், ஆனால் அதில் விழுந்தவன் ஏதோ தப்பு செய்தவன் என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பாவம் அறியாதவன் விழுந்தால் அந்தச் சொல்லும் உதவாது.

உணர்ச்சிகள் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணம் சொல்லி, எள்ளலை முதலில் வைக்கிறது. உவகைக்கு வரும்போது செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்ற நான்கையும் சொல்லி, 'அல்லல் நீத்த உவகை' என்று அடைமொழி சேர்க்கிறது. எள்ளிச் சிரிப்பதற்கு இடம் கொடுத்த நூல், அல்லல் கலந்த மகிழ்ச்சிக்கு உவகை என்ற பெயரையே தரவில்லை என்று படிக்கத் தோன்றுகிறது. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் ஊன்றாமல் போனதில் நமக்கு வருத்தம் வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பில் 'பிறர் கேட்டில் மகிழ்தல்' என்று விரித்தே எழுதலாம். கதையில் வந்தால் 'வயிறு குளிர்ந்தது' போதும், எதில் குளிர்ந்தது என்பதை மட்டும் விடாமல் சேர்த்து எழுத வேண்டும். வாழ்த்துக் கேட்டாலும் குளிர்கிற வயிறுதானே அது.