முகம் தெரிகிறது, கடவுச்சொல்தான் தெரியவில்லை

கடவுச்சொல்லை மறப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அதை மீட்பதற்காக நானே என்றோ தேர்ந்தெடுத்து வைத்திருந்த ‘உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார்?’ என்ற கேள்வியின் முன்னால் சென்ற வாரம் விழித்துக்கொண்டு நின்றதுதான் அவமானம். கணக்குப் பாடம் எடுத்த ஆசிரியையின் முகம், மூக்கு நுனிவரை இறங்கிய கண்ணாடியும் அதற்கு மேலாக என்னைத் துளைக்கும் பார்வையுமாக, அப்படியே கண்முன் நிற்கிறது. பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தைப் போட்டேனா, பின்னால் ‘டீச்சர்’ என்று சேர்த்தேனா என்பதுதான் நினைவில்லை. மூன்று முறை தட்டிப் பார்த்ததும் கணக்கு பூட்டிக்கொண்டது.

முகத்தையே கடவுச்சொல்லாக வைத்தால் என்ன என்று புலம்பியபடி தேடியதில், அதை எனக்கு முன்பே யோசித்துவிட்டார்கள் என்பது தெரிந்தது. நம் முகத்தைக் கேமரா அடையாளம் காணும் வித்தை அல்ல இது. பிறர் முகத்தை நாம் அடையாளம் காண்பது. 2014இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ராப் ஜென்கின்ஸும் சக ஆய்வாளர்களும் ‘ஃபேஸ்லாக்’ என்ற பெயரில் இதைச் சோதித்தார்கள். திரையில் ஒன்பது முகங்கள் வரும். அவற்றுள் நமக்குத் தெரிந்த ஒன்றைத் தொட வேண்டும். இப்படி நான்கு சுற்று. பழகிய முகத்தை எந்தக் கோணத்திலும் எந்த வயதிலும் கண்டுபிடித்துவிடுகிறோம், அறியாதவருக்கோ ஒரே ஆளின் இரண்டு படங்களே இரண்டு ஆட்களாகத் தெரிகின்றன என்பதுதான் இதன் சூட்சுமம். ஓராண்டு கழித்தும் 86 சதவீதத்தினர் சரியாகத் தொட்டார்களாம். என் கடவுச்சொற்கள் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது.

(இதற்கு முன், 2004இல் வெளியான இன்னோர் ஆய்வில், முகங்களைப் பயனரே விருப்பப்படி தேர்ந்தெடுக்கவிட்டபோது, அழகான முகங்களாகப் பார்த்து எடுத்ததால், ஆண்களில் பத்து சதவீதத்தினரின் தேர்வை இரண்டே முயற்சியில் ஊகித்துவிட முடிந்ததாம். இதை மனைவியிடம் சொல்லாமல் விட்டேன்.)

உற்சாகம் தாங்காமல் வீட்டிலேயே சோதிக்க முடிவுசெய்து, எனக்குத் தெரிந்த நால்வரின் பழைய படங்களை ஆல்பத்திலிருந்து உரித்தெடுத்து, அறிமுகமே இல்லாத முப்பத்திரண்டு பேரின் படங்களை அச்சடித்து, மேசைமீது நான்கு சதுரங்களாகப் பரப்பினேன். ஊகித்து வெல்வதற்கு 6,561இல் ஒரு வாய்ப்புத்தான் என்று மனைவியிடம் அறிவித்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டேன். அவள் முகங்களைப் பார்க்கவே இல்லை. எந்தப் படத்தின் ஓரம் மஞ்சளாகியிருக்கிறது, எதன் பின்புறம் கறுப்புத்தாளின் பிசிறு ஒட்டியிருக்கிறது என்று மட்டும் புரட்டிப் பார்த்து நான்கையும் எடுத்து நீட்டினாள்.

மறுநாள் நால்வருக்கும் வேறு படங்களைத் தேடிப் பிடித்து, பழையது புதியது தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே தாளில், ஒரே அளவில், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டேன். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்காள் மகன், முதல் நாள் என் தோளுக்குப் பின்னால் நின்று நான்கு முகங்களையும் மனப்பாடம் செய்தவன்தான் என்றாலும், ஒன்றைக்கூடச் சரியாகத் தொடவில்லை. “மாமா, ஆளையே மாற்றிவிட்டீர்கள்” என்று சண்டைக்கு வந்தான். ஆய்வு பொய்க்கவில்லை என்று நான் பூரித்துப்போனேன்.

அடுத்து மனைவி. ஃபேஸ்லாக் ஆய்வில், கணக்கு வைத்திருந்தவருக்கு நெருங்கியவர்கள்கூட நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவாகத்தான் ஊகித்து வென்றார்கள் என்பதால் எனக்குக் கவலையில்லை. முதல் மூன்று சுற்றுகளிலும் தடுமாறித் தவறான முகங்களையே தொட்டவள், கடைசிச் சுற்றில், அவள் வாழ்நாளில் பார்த்தேயிராத என் கணக்கு ஆசிரியையின்மீது தயக்கமே இல்லாமல் விரலை வைத்தாள்.

“இவரை உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு யாரென்றே தெரியாது. இந்தச் சதுரத்தைப் பரப்பியதும் நீங்கள் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டீர்கள். கண் இந்தப் படத்தை விட்டு நகரவில்லை.”