வயிற்று வலியோடு நடுக்கமும் வந்தால்

வயிற்று வலி என்று இரவில் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நோயின் பெயரையும் கையோடு கொண்டுவருவார்கள். “கேஸ்தான் சிஸ்டர், ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க. காலையில வேலைக்குப் போகணும்.” பல நேரம் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனாலும் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து இருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வலி எங்கே, எப்போதிருந்து என்று கேட்டு முடித்ததும், “குளிர் தூக்கிப் போட்டுச்சா?” என்றும் கேட்டுவிடுவேன்.

காய்ச்சல் உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. கிளம்பும்போதே ஒரு பாரசிட்டமால் போட்டிருப்பார்கள். இங்கே தெர்மாமீட்டர் 98.6 காட்டும். நடுங்கியதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ஃபேன் காற்று, மழையில் நனைந்தது என்று அதற்கொரு காரணம் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பார்கள். பக்கத்தில் நிற்கும் மனைவிதான் சொல்வார்: “ரெண்டு போர்வை போர்த்தியும் கட்டிலே ஆடுச்சுங்க.” அதற்கப்புறம் கேஸ் ஊசிப் பேச்சுக்கே இடமில்லை, டியூட்டி டாக்டரைக் கூப்பிடப் போய்விடுவேன்.

கிருமியோ அதன் நச்சோ ரத்தத்தில் கலந்தால், மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் உடம்பின் வெப்ப அளவை மேலே ஏற்றி வைக்கிறது. அதை எட்டத்தான் தசைகள் உதறி உதறிச் சூடு உண்டாக்குகின்றன. உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஆள் குளிருது என்பது இதனால்தான். லேசான சிலிர்ப்பு சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும். பல் கிட்டிப்போகிற நடுக்கம் என்றால் மலேரியாவையும், ரத்தத்தில் இறங்கிய பாக்டீரியாவையும் சந்தேகப்படுவார்கள்.

வலது விலாவுக்குக் கீழே வலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பித்தக்குழாய். கல் வந்து அடைத்து, தேங்கிய பித்தத்தில் கிருமி வளர்ந்தால் வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் காமாலை மூன்றும் வரும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-லேயே சொல்லிவைத்தது. தொல்லை என்னவென்றால், எல்லாருக்கும் மூன்றும் சேர்ந்து வருவதில்லை. அதிலும் வார்டு டியூப்லைட்டில் கண் மஞ்சளா இல்லையா என்று பார்ப்பது கஷ்டம். விடிந்ததும் ஜன்னல் பக்கம் திருப்பினால்தான் தெரியும். சர்க்கரை நோயுள்ள ஒரு பாட்டியை, சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று மகன் கூட்டிவந்தார். வலி பெரிதாக இல்லை. ஆனால் மாலையில் நடுங்கியிருந்தார். பேச்சில் தடுமாற்றம், பிரஷரும் இறங்கியிருந்தது. ட்ரிப்ஸும் ஆன்டிபயாடிக்கும் தொடங்கி, அன்றிரவே 108-இல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எண்டோஸ்கோப் வழியாக அடைப்பைத் திறக்கும் வசதி அங்கேதான் இருந்தது. மருந்து மட்டும் ஏற்றியிருந்தால் கல் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

அதே வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வரும் இன்னொரு கூட்டம் உண்டு. நடு வயது ஆண்கள், கூலி வேலை, தினமும் குடி. இருமினால் விலாவை அமுக்கிக்கொள்வார்கள். சிலருக்கு வலது தோளும் வலிக்கும். ஸ்கேனில் பார்த்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி. அசுத்தமான தண்ணீர் வழியே குடலுக்குப் போன அமீபா, ரத்தத்தோடு கல்லீரலுக்கு ஏறியிருக்கும். “எனக்குப் பேதியே ஆகலையே” என்று சண்டைக்கு வருவார்கள், பலருக்கு ஆகாதுதான். மெட்ரோனிடசோல் மாத்திரைக்கு நன்றாகவே கேட்கும், பெரிய கட்டியென்றால் ஊசியால் சீழையும் எடுப்பார்கள். சாக்லேட் நிறத்தில் வரும். இதையெல்லாம் அமைதியாகக் கேட்டுக்கொள்பவர்களுக்கு, இந்த மாத்திரையோடு குடிக்கக் கூடாது என்றதும்தான் முகம் வாடும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் வீட்டார்மேல் எனக்குக் கோபமே வரும். இடுப்போரம் வலி என்றால் சூட்டு வலி என்று மோரும் வெந்தயமும் கொடுத்து உட்காரவைத்துவிடுகிறார்கள். கர்ப்பத்தில் சிறுநீர்க் குழாய் தளர்ந்தும் அழுந்தியும் சிறுநீர் தேங்கும், வலது பக்கம் கொஞ்சம் அதிகமாகவே. நீர்க்கடுப்பாகத் தொடங்கியது சிறுநீரகம் வரை ஏறினால் நடுக்கமும் வாந்தியும் வரும், முதுகில் விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டினாலே துள்ளுவார்கள். விட்டால் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கிய வலியில் நடுக்கமும் சேர்ந்தால், குடல்வால் வெடித்திருக்குமோ என்று சர்ஜனைக் கூப்பிடுவோம். டைபாய்டும் உண்டு. சில நேரம் கோளாறு வயிற்றிலேயே இருக்காது: குழந்தை வயிற்றைக் காட்டி அழும், எக்ஸ்ரேயில் நிமோனியா நுரையீரலின் அடிப்பகுதியில் இருக்கும்.

இதில் அதிகம் வாக்குவாதம் நடப்பது கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, ரத்தம் எடுக்கும்போது. “இந்தக் கையில எடுத்தாச்சே, அந்தக் கையிலயுமா?” தோலிலுள்ள கிருமி தவறிப் பாட்டிலுக்குள் போயிருந்தால் கண்டுபிடிக்க இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும். அதுவும் ஆன்டிபயாடிக் முதல் டோஸுக்கு முன்னால். அப்புறம் எடுத்தால் கிருமி வளராமலே போகலாம். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை டாக்டர் அனுமானித்து எழுதிய மருந்துதான் ஓடும்.