வெளியேற்றத் தடை முடிந்த பிறகு: லாஸ் ஏஞ்சலஸில் எங்கள் வாடகைப் பாக்கி

வாடகை கொடுக்க முடியாதவர்களை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2020 மார்ச்சில் போட்ட தடை, 2023 ஜனவரி 31-ம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு பழைய பாக்கியை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படி அதே வீட்டில் நிலைத்தோம் என்பதை எழுதுகிறேன். பாக்கி கேட்டுக் கடிதம் வந்தவர்கள் நம் ஆட்களிலும் உண்டு. கௌரவம் பார்த்து யாரும் வெளியே சொல்வதில்லை.

நான் த்ரெட்டிங் கடையில் வேலை செய்கிறேன். 2020-ல் கடையை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடியும் மூடினார்கள். கணவர் ஓட்டிய டாக்சிக்கு விமான நிலையச் சவாரிதான் சோறு போட்டது, அதுவும் நின்றுபோனது. வாடகை பல மாதம் பாதிதான் போனது, சில மாதம் அதுவும் இல்லை.

தடை முடிந்ததும் மொத்தப் பாக்கியையும் உடனே கட்ட வேண்டும் என்றுதான் எங்கள் கட்டடத்தில் பேச்சு. பயந்துபோய், எந்த நோட்டீசும் வராமலே ஒரு குடும்பம் காலி செய்துகொண்டு போனது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஏனென்றால் சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. எந்த மாதத்துப் பாக்கி என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரையிலான பாக்கிக்கு நகரம் வைத்த கெடு 2023 ஆகஸ்ட் 1. ஆனால் கொரோனாவால் வருமானம் போயிற்று என்று மாநிலச் சட்டம் கேட்ட உறுதிமொழிப் படிவத்தை நாங்கள் அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். 2020 செப்டம்பர் முதலான ஓராண்டுச் சொச்ச வாடகையில் கால் பங்கை 2021 செப்டம்பர் 30-க்குள் கட்டியும் விட்டோம். அப்படிச் செய்தவர்களை அந்தக் காலப் பாக்கிக்காக வெளியேற்ற முடியாது. கடன் வழக்குப் போட்டு வசூலிக்கலாம், அவ்வளவுதான். 2021 அக்டோபர் முதல் 2023 ஜனவரி வரையிலான பாக்கிக்கு 2024 பிப்ரவரி 1 வரை நேரம் இருந்தது. 2023 பிப்ரவரி வாடகையிலிருந்து முழுத் தொகையையும் அந்தந்த மாதமே கட்டியாக வேண்டும்.

அதனால் பழையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், புது மாத வாடகை ஒரு டாலர் குறையக் கூடாது என்று முடிவெடுத்தோம். செக்கின் கீழே குறிப்பு எழுதும் கோட்டில் "2023 மார்ச் வாடகை மட்டும்" என்று எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டுதான் கொடுப்பேன். எழுத்தில் நாம் சம்மதிக்காமல், இந்த மாதத்துக்கென்று கொடுத்த பணத்தைக் கொரோனாப் பாக்கியில் கழித்துக்கொள்ளக் கூடாது என்று அப்போது கலிபோர்னியச் சட்டம் இருந்தது.

அது எவ்வளவு முக்கியம் என்பது அந்தக் கோடையில் தெரிந்தது. மூன்று நாள் நோட்டீஸ் ஒன்றைக் கதவில் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பணம் கட்டு, இல்லை காலி செய். 2020-லிருந்து எல்லாப் பாக்கியையும் ஒரே தொகையாகக் கூட்டியிருந்தார்கள். மேனேஜரைக் கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது" என்றார். என் கணவர் பெட்டி கட்டலாமா என்று கேட்டார். நான் செக் போட்டோக்கள், படிவத்தின் நகல், கால் பங்கு கட்டிய ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாடகைதாரர்களுக்கான இலவச சட்ட உதவி முகாமுக்குப் போனேன்.

அங்கிருந்த வக்கீல் அம்மா மாதவாரியாக ஒரு தாளில் பிரித்து எழுதினார். கெடு வராத பணத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள், உரிய தொகைக்கு மேல் கேட்கும் நோட்டீஸ் கோர்ட்டில் நிற்காது என்றார். நோட்டீஸ் கொடுத்த மூன்று வேலை நாளுக்குள் அதன் நகலை நகர வீட்டுவசதித் துறையில் ஓனர் பதிவு செய்திருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. அவர் ஒரு கடிதம் அனுப்பினார். நோட்டீசைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

கடைசிப் பகுதிப் பாக்கி மட்டும் நிஜமான தலைவலியாக நின்றது. 50 லட்சம் டாலருக்கு மேல் விற்கும் சொத்துகளுக்கு வரி போட 2022-ல் மக்கள் வாக்களித்தார்களே, அந்த யு.எல்.ஏ. வரிப் பணத்திலிருந்து நகரம் வாடகை உதவி கொடுத்தது. ஆறு மாத வாடகை வரை. 2023 செப்டம்பர் 19-ல் திறந்து அக்டோபர் 2-ல் மூடிவிட்டார்கள். இத்தனை குடும்பங்கள் தவிக்கும் ஊரில் இரண்டு வாரம் எந்த மூலைக்கு? எங்களுக்குக் கிடைத்தது. மீதியை என் அண்ணனிடம் கடன் வாங்கி, கெடுவுக்கு முன்னால் கட்டினோம். 'அக்டோபர் 2021 முதல் ஜனவரி 2023 வரை பாக்கி இல்லை' என்று மேனேஜரிடம் எழுதி வாங்கிக்கொண்டேன்.

இப்போது அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கதவில் ஒட்டிய தாள் உங்களை வெளியே தள்ளாது. ஓனர் வழக்குப் போட்டு, கோர்ட் உத்தரவு வாங்கி, ஷெரிப் ஆட்கள் வந்தால்தான் பூட்ட முடியும். கோர்ட் சம்மன் வந்தால் மட்டும் தூங்கக் கூடாது. 2024 வரை பதில் போட ஐந்து கோர்ட் வேலை நாட்கள்தான் இருந்தன. 2025 ஜனவரியிலிருந்து பத்து. கோர்ட் கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் விலக்குக் கேட்கவும் படிவம் உண்டு, பதிலோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.