அப்பாயியின் பிரட்டு நேரம்

விடியக்காலை நான்கு மணிக்கு எழுந்து, "கூடை எங்கடா? பிரட்டுக்கு நேரமாச்சு, அரைப்பேரு போட்டுருவாங்க" என்று தோட்டத்து லயத்து வாசலில் நிற்கிறார் அப்பாயி. பிரட்டு என்பது வேலைக்கு முன் காலையில் ஆள் கணக்கெடுப்பது; அரைப்பேரு என்றால் அரைநாள் கூலி. தேயிலைக் கொழுந்து எடுப்பதை விட்டு இருபது வருடமாகிறது. இலங்கை மலையகத்து ஹட்டன் குளிரில் கம்பளியைப் போர்த்தி உள்ளே கூட்டி வருவேன்.

நினைவை அழிக்கும் அல்சைமர் நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வாசித்துக்கொண்டே இருக்கிறேன். மூளையில் படியும் புரதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். என்னை உலுக்கியது மைக்ரோக்ளியா. 1919இல் ஸ்பெயின் நாட்டு பியோ தெல் ரியோ ஓர்டேகா அடையாளம் காட்டிய செல்கள். மூளைக்குள் அலைந்து குப்பையைத் தின்று சுத்தம் செய்பவை. அமிலாய்டு என்ற அந்தப் புரதப் படிவைக் கண்டால் சூழ்ந்து மடக்கப் பார்க்கும். அப்போது எழும் அழற்சி, அதாவது உடல் தன்னைக் காக்க மூட்டும் எதிர்ப்பு, வருடக்கணக்கில் அணையாமல் போனால், அவை விடும் ரசாயனங்களே பக்கத்து நரம்பு இணைப்புகளைக் கெடுத்துவிடும். காப்பாற்ற வந்த கைதான். அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

மைக்ரோக்ளியாவில் வேலை செய்யும் ட்ரெம்2 மரபணுவின் ஓர் அரிய மாற்றம், இந்த நோயின் அபாயத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது என்று 2013இல் அச்சான ஆய்வுகள் காட்டின. அழற்சிதானே, வலி மாத்திரை போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நேப்ராக்ஸன் என்ற வலி மாத்திரையை வைத்துச் சோதித்தும் பலன் கிடைக்கவில்லை.

சரி, இன்று காலை கூடைக்குப் பதிலாக ஒரு கட்டு கீரையை மடியில் வைத்தேன். விரல் மறக்கவில்லை. நுனியில் இரண்டு இலை, ஒரு குருத்து. கிள்ளிக்கொண்டே இருந்தார்.