பாய்வதற்கு முந்தைய கணம்

பாயிண்டர் நாய் ஒன்று, புதருக்குள் பறவை இருப்பதை மோப்பத்தால் அறிந்ததும், ஒரு முன்னங்காலை மடித்துத் தூக்கி, வாலை விறைப்பாக நீட்டி, மூக்கைப் பறவையின் திசையில் வைத்தபடி அசையாமல் நின்றுவிடுவதை முதன்முறை கண்டபோது, அது கடும் பயிற்சியின் பலன் என்றே நினைத்தேன். பின்னர், நூலில் கட்டி ஆட்டிய இறகைக் கண்டு, இரண்டு மாதக் குட்டிகளும் அவ்வாறே நிற்பதைப் பார்த்த பிறகுதான் என் எண்ணம் மாறியது. நிற்பது பிறவியிலேயே வருகிறது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைத்தான் பயிற்சி கற்றுத் தருகிறது.

ஓநாய் இரை தேடுவது ஒரு தொடர்ச் செயல். மோப்பம் பிடிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என அது கண்ணி கண்ணியாக நகர்கிறது. வேட்டை நாய்களை உருவாக்கியவர்கள் இந்தச் சங்கிலியில் புதிய கண்ணி எதையும் சேர்க்கவில்லை; இருந்தவற்றில் ஒன்றை நீட்டினார்கள், இன்னொன்றைத் தளர்த்தினார்கள். பாய்வதற்கு முன் ஓநாயிடம் தென்படும் நொடிநேரத் தயக்கம் பாயிண்டரிடம் பல நிமிடங்களாக நீண்டது. ரிட்ரீவரிடம் கவ்வும் ஆசை முழுதாக எஞ்சியிருக்க, கொல்லும் கடி மங்கிப்போனது. சுடப்பட்ட வாத்தை அது பல் பதியாமல் தூக்கி வருவது அதனால்தான். கிரேஹவுண்டிடம் மேலோங்கி நிற்பது, கண்ணுக்குத் தெரிந்ததைத் துரத்தும் வேகம்.

இந்த வேலை எப்படி நடந்தது என்பதற்கு நல்ல சான்று கோல்டன் ரிட்ரீவர். சர்க்கஸ் குழு ஒன்றிடமிருந்து வாங்கிய ரஷ்ய நாய்களிலிருந்து அது தோன்றியது என்று நெடுநாள் ஒரு கதை உலவியது. 1952இல் வெளியான பண்ணைக் குறிப்பேடுகள் அதைப் பொய்யாக்கின. ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு, நூஸ் என்ற மஞ்சள் ரிட்ரீவரையும் பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பேனியல் பெட்டையையும் 1868இல் இணைசேர்த்ததும், பின்னர் வேறு இன நாய்களை இடையிடையே கலந்ததும் அவற்றில் பதிவாகியிருந்தன. இன்று தூய இனம் என்று போற்றப்படுவது கலப்பில் பிறந்ததுதான் என்பதை இனப்பற்றாளர்களிடம் சொன்னால் அவர்கள் முகம் சற்றே சுருங்கும்.

தேர்ந்தெடுத்து இணைசேர்ப்பதன் எல்லையை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியது விப்பெட். முயல் துரத்தவும் பந்தயம் ஓடவும் வளர்க்கப்பட்ட இந்த மெலிந்த நாயின் சில வம்ச வழிகளில், தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கும் மயோஸ்டேட்டின் மரபணுவில் ஒரு சிறு பிறழ்வு இருப்பதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் பிறழ்ந்திருந்தால் நாய் திரண்ட தசையுடன் மற்றவற்றைவிட வேகமாக ஓடுகிறது. இரண்டும் பிறழ்ந்திருந்தால், பார்த்தால் விப்பெட் என்றே நம்ப முடியாத அளவுக்கு உடல் புடைத்துவிடுகிறது. ஆகவே வெற்றி பெற்ற நாய்கள் என்று இத்தகைய இரண்டை இணைசேர்ப்பவருக்கு, சராசரியாக நாலில் ஒரு குட்டி புடைத்த உடலுடனும், ஒன்று பிறழ்வே இல்லாமலும், இரண்டு மட்டும் பெற்றோரைப் போலவும் பிறக்கும். எத்தனை தலைமுறை முயன்றாலும் இந்த வேகத்தைத் தூய வழியாக நிலைநிறுத்த முடியாது. ‘சிறந்ததைச் சிறந்ததோடு சேர்’ என்ற பழைய விதி ஏன் சில ஈற்றுகளில் பொய்த்தது என்பது, மரபணுவைக் கண்ணால் காண முடியாத அந்தக் காலத்து வளர்ப்பாளருக்குப் புரிந்திருக்க வழியே இல்லை.

நார்வேயின் லுண்டேஹுண்ட் இன்னும் வேதனையான கதை. கடலோரப் பாறை இடுக்குகளில் கூடு வைக்கும் பஃபின் பறவையைப் பிடிப்பதற்கென வளர்க்கப்பட்ட அதற்கு ஒவ்வொரு காலிலும் குறைந்தது ஆறு விரல்கள் உண்டு. தலையைப் பின்னோக்கி வளைத்து முதுகைத் தொட அதனால் முடியும். டிஸ்டெம்பர் என்ற கொடிய தொற்றுநோய் இருமுறை வாரிக்கொண்டு போனதில், இன்றுள்ளவை அனைத்தும் எஞ்சிய ஐந்தாறு நாய்களின் வழிவந்தவை. சத்தை உறிஞ்ச முடியாத குடல் நோய் இந்த இனத்தில் பரவலாக இருக்கிறது. நோயற்ற இணையை இனத்துக்குள்ளேயே தேடினால் கிடைப்பதும் நெருங்கிய உறவுதான். அதனால் நார்வே புஹுண்ட் போன்ற வட ஐரோப்பிய நாய்களோடு அதைக் கலக்கும் திட்டம் தொடங்கப்பட்டிருக்கிறது. இதைச் சிலர் இனத்தைக் கெடுப்பதாகக் கருதுகிறார்கள். எனக்கோ, நூஸையும் பெல்லையும் சேர்த்தவரின் துணிவு திரும்பி வந்ததாகவே தோன்றுகிறது.

இப்போதெல்லாம் வேட்டை நாய்க்குட்டி ஒன்றின் வம்சாவளிச் சீட்டை யாராவது என்னிடம் நீட்டினால், அதிலுள்ள பட்டங்களையும் கோப்பைகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரே ஆண் நாயின் பெயர் எத்தனை முறை வருகிறது என்பதைத்தான் முதலில் எண்ணுகிறேன்.