அம்மாவுக்கும் எனக்கும் வீட்டிலேயே ரத்தம் எடுத்தார்கள்

அம்மாவால் மாடிப்படி ஏற முடியாது. அதனால் ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வரச் சொன்னேன், எனக்கும் சேர்த்து.

முதல் பிழை எங்களுடையது. வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று அம்மா இரவு முழுவதும் ஒரு வாய் குடிக்கவில்லை. சர்க்கரைப் பரிசோதனைக்கு 8 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடிக்காவிட்டால் நரம்பு எளிதில் தட்டுப்படாது. வந்த இளைஞர் முழங்கை மடிப்பில் ஒருமுறை குத்தினார், ரத்தம் வரவில்லை. கட்டிய ரப்பர் பட்டையை அவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியைக் கையில் சுற்றி, கையைக் கீழே தொங்கவிடச் சொன்னார். பிறகு புறங்கையில் மெல்லிய ஊசியால் எடுத்தார். அம்மா கையை மூடி மூடித் திறந்தபோது, “ஒருமுறை மூடினால் போதும்மா” என்று தடுத்தார். அப்படிச் செய்தால் பொட்டாசியம் அளவு கூடுதலாகக் காட்டுமாம்.

அதுவரை கைதேர்ந்தவராகத் தெரிந்தவர், அம்மாவின் குழாய்களைப் பெயர் ஒட்டாமலே மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஊதா மூடி, சாம்பல் மூடி. எனக்கும் அதே நிறங்கள்தான். பெயர் மாறினால் என் மாத்திரை அம்மாவுக்குப் போகும்! “முதலில் பெயரை ஒட்டிவிடுங்களேன்” என்றேன். ஊசிக்குக் கை நீட்டுவதைவிட இதைச் சொல்வதற்குத்தான் எனக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. முகம் சுருங்கினாலும் ஒட்டினார். நான் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் பார்த்தேன்.

என் முறை ஒரு நிமிடத்தில் முடிந்தது. பஞ்சை வைத்து, எல்லோரையும் போல முழங்கையை மடக்கிக்கொண்டேன். கையை நீட்டியபடி சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். மறுநாள் அந்த இடம் நீலம் பாரித்துக் கிடந்தது. அழுத்திப் பிடித்திருந்த அம்மாவின் கையில் ஒரு புள்ளி கூட இல்லை.

சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்து அம்மாவுக்கு இன்னொரு முறை எடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை அவர் வருவதற்குள் அம்மா இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து முடித்திருந்தார். முழங்கையிலேயே, முதல் குத்திலேயே ரத்தம் வந்தது.