ஒரு சோக், இரண்டு விளக்கு: பாம் ஷெல்டரில் கீரை

நண்பர் ஒருவர் கடல்மீன் தொட்டியைக் கலைத்தார். மேலே தொங்கிய இரண்டு 150 வாட் மெட்டல் ஹேலைடு விளக்குகளையும் "எடுத்துக்கிட்டுப் போய்யா, இடத்தை அடைக்குது" என்று தந்துவிட்டார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், இரண்டு சோக்கில் (விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருள், விளக்குக்கு ஒன்று) ஒன்று கருகிக் கிடந்தது. புதிது வாங்கலாம்தான். ஆனால் இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தாக வேண்டுமா என்ன?

சிங்கப்பூரில் எங்கள் செங்காங் வீட்டில் செடி வைக்க இரண்டே இடம். ஒன்று, துணி காயப்போடும் யார்டு. பகல் வெளிச்சம் மங்கலாக வரும் என்பதால் மிளகாய்க்குப் பகலில்தான் விளக்கு வேண்டும். இன்னொன்று பாம் ஷெல்டர், குண்டுவீச்சு நேரத்தில் பதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டிய அறை. ஜன்னல் கிடையாது, எது பகல், எது இரவு என்று கீரைக்கு நாம் சொல்வதுதான். அதற்கு என் தம்பி மாதிரி நைட் ஷிப்ட் போட்டேன். ஒரே சோக், பகலில் யார்டு, இரவில் ஷெல்டர்.

முதல் சனிக்கிழமை சோக், இக்னைட்டர், ரிலே (கரண்டை ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் சுவிட்ச்) எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து அடுப்படி அலமாரியில் வைத்தேன். யார்டுக்கு இரண்டு மீட்டர் வயர், ஷெல்டருக்கு எட்டு மீட்டர். யார்டு விளக்கு உடனே பிடித்துக்கொண்டது. ஷெல்டரில் 'ஜ்ஜ்' என்று சத்தம் மட்டும். பல்பைக் கழற்றி மாட்டியதில் பாதி நாள் போனது. பல்பில் குறையே இல்லை.

குறை வயர் நீளத்தில் இருந்தது. விளக்கைப் பற்றவைக்க இக்னைட்டர் சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளை அனுப்புகிறது. நீளமான வயர் கெப்பாசிட்டர் போல அந்தத் துடிப்பை விழுங்கிவிடும். அதைவிட மோசம், 250 வோல்ட் மட்டுமே தாங்கும் ரிலே வழியாக அந்தத் துடிப்பை ஓடவிட்டிருந்தேன். நல்லவேளை, எதுவும் புகையவில்லை.

கருகிப்போன செட்டின் இக்னைட்டர் நன்றாகவே இருந்தது. ஆளுக்கொன்றாக விளக்குக்கு ஒரு மீட்டருக்குள் மாட்டினேன். பொதுவில் இருப்பது சோக் மட்டும். ரிலே சோக்குக்கும் இக்னைட்டர்களுக்கும் நடுவே. 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சோக்குக்கு முன்னால், மெயின் பக்கம். எட்டு மீட்டர் தள்ளியும் பளிச்சென்று பிடித்தது.

அடுத்த பாடம்: எரியும்போதே ரிலேயைத் திருப்பக் கூடாது. ஒருமுறை செய்து பார்த்தேன். ரிலேயின் கண்ணாடி மூடிக்குள் நீலமாக ஒரு பொறி, வயிற்றைக் கலக்கியது. இப்போது இரண்டு டைமர். காலை 7 மணிக்கு ஒன்று மெயினை அணைக்கும், 7.15க்கு இன்னொன்று ரிலேயைத் திருப்பும், 7.30க்கு மெயின் வரும். மாலையிலும் அதே. ஆளுக்குப் பதினொன்றரை மணி நேரம். சூடான பல்பு ஆறாமல் மறுபடி பிடிக்காது என்ற தொல்லையும் இல்லை, முறை வருவது எப்போதும் ஆறிய விளக்குக்குத்தான்.

ரிலே சிம் லிம் டவரில் வாங்கியது. சுங்கை ரோடு சந்தையை 2017இல் மூடாமல் இருந்திருந்தால் பழைய சோக்கே அங்கே கிடைத்திருக்கும், இந்தப் பதிவும் இருந்திருக்காது. சுவர் வயரிங்கில் கை வைக்கவில்லை, அது உரிமம் உள்ளவர் வேலை. எல்லாம் ஒரே 13 ஆம்ப் பிளக்கில். இரும்புப் பெட்டிக்கு எர்த் உண்டு. விளக்கின் முன்கண்ணாடியைக் கழற்றவே கூடாது, புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதுதான்.

கரண்ட் பில் குறையும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சோக் தின்பதையும் சேர்த்து 170 வாட், 23 மணி நேரம்: நாளைக்கு ஏறக்குறைய 3.9 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் மாதம் 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மிச்சமானது ஒரு சோக்கின் விலை மட்டும். புதிதாகத் தொடங்குகிறவர் எல்இடி வாங்கிக்கொள்ளட்டும். அதில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

"ராத்திரி முழுக்க வண்டு கத்துது" என்றார் அம்மா. பழைய ஜப்பான் சிலிப்பரை (ரப்பர் செருப்பு) நாலு துண்டாக வெட்டி சோக்குக்கு அடியில் வைத்தேன். முக்கால்வாசி அடங்கியது.

மூன்று வாரமாகிறது. ஷெல்டரில் சூடு 35 டிகிரி தொட்டதில் கொத்தமல்லி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிட்டது. விளக்கை ஓர் அடி உயர்த்தி, சின்ன ஃபேன் வைத்து, சிவப்புக் கீரை விதைத்தேன். சூட்டை அது பொருட்படுத்தவில்லை. நேற்று அம்மா ஒரு பிடி கிள்ளிப் பார்த்துவிட்டு, "பருப்புல போட இன்னும் பத்து நாள் ஆகும்" என்றார்.